பேனா அறை

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைப் பார்த்து வஹீப் ஸக்கர் பயந்துபோனார். உப்பு, எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கும் நார் என்று மூன்றே வரி. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, கோடு விட்டு இறங்கி, முதல் வகுப்புப் பிள்ளை எழுதியது போலக் கிடந்தன.

மனைவி ஹியாமின் கையெழுத்து அப்படி இருக்காது. அய்ன் துராப் ஊரில் அதைத் தெரியாத வீடே கிடையாது. ஒவ்வொரு செப்டம்பரிலும் அவள் காய்ச்சி விற்கும் அத்திப்பழ ஜாம் புட்டிகளில் தேதியும் பெயரும் அவள் கையால் எழுதியிருக்கும், அச்சடித்தது போல. வஹீபின் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தபோது முதலில் கெட்டது கையெழுத்துதான்.

"கை மரத்துப் போகுதா?" என்று கேட்டார்.

ஹியாம் பதில் சொல்வதற்கு முன் அவர் பக்கம் திரும்பி, தன் வாய் தெரியும்படி நின்றாள். இரண்டு வருடமாக அது அவளுக்குப் பழகிவிட்டது. "இல்லையே."

"எங்க, சிரி பாப்போம்."

அவள் சிரித்தாள். வாய் கோணவில்லை.

"அப்புறம் ஏன் கோழி கிளறின மாதிரி எழுதியிருக்கே?"

"அவசரத்துல எழுதினேன். நீ என்ன வாத்தியாரா? போய் உப்பு வாங்கிட்டு வா, வஹீப்."

அவர் உப்பு வாங்கி வந்தார். மறுநாள் சீட்டும் கோணலாகவே இருந்தது. அதற்கு அடுத்த நாளுடையதும்.

வஹீப் கூட்டுறவுச் சங்கத்தின் ஆப்பிள் கிடங்கில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் 'காது'. ஓட்டு எண்ணும் அறையில் மூலையில் உட்கார்ந்து, படிக்கப்படும் சீட்டு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அதில் மந்திரம் ஒன்றுமில்லை. உள்ளாட்சித் தேர்தலில் அரசாங்கம் அச்சடித்த வாக்குச்சீட்டு கிடையாது. ஒன்பது இடத்துக்கு ஒன்பது பெயரை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, முத்திரை போட்ட உறைக்குள் வைத்துப் பெட்டியில் போட வேண்டும். யார் எழுதிய தாளும் செல்லும். அதனால் வேட்பாளர்களின் ஆட்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள், ஜனங்களும் வாங்கிப் போட்டுவிட்டு வருவார்கள். ஊராட்சித் தலைவர் அபூ நஸ்ரியின் அணிக்கு எழுதிக் கொடுப்பவர் வஹீப். பெயர்கள் எல்லா வீட்டுக்கும் அதே ஒன்பதுதான். வரிசைதான் வேறு. ஒரு வீட்டுக்குப் பல் வைத்தியர் முதலிலும் தலைவர் கடைசியிலும் வருவார்கள். அடுத்த வீட்டுச் சீட்டில் பல் வைத்தியரின் பெயரோடு அவர் அப்பா பெயரும் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு வீட்டுக்கு ஒரு பெயருக்கு முன்னால் 'இன்ஜினியர்' என்று சேரும். இதற்குச் சாவி என்று பெயர். எண்ணும்போது அலுவலர் ஒவ்வொரு சீட்டையும் எழுதியிருக்கிற வரிசையிலேயே உரக்கப் படிப்பார். வஹீப் கேட்டுக்கொண்டே நோட்டில் குறிப்பார். சீட்டில் அடையாளம் இருந்தால் அது செல்லாது என்று சட்டம் சொல்கிறது. பெயர்களின் வரிசையும் ஒரு அடையாளம்தான் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

எந்த வீட்டுச் சாவி வரவில்லையோ, அந்த வீட்டை யாரும் திட்டுவதில்லை. அந்த வீட்டுக்குப் போகும் சாலையின் குழி மட்டும் அடுத்த மழைக்கும் அப்படியே இருக்கும்.

கடைசியாகத் தேர்தல் நடந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. மூன்று முறை தள்ளிப்போட்டார்கள். அந்த ஒன்பது வருடத்தில் வஹீபின் காது போய்விட்டது. முதலில் வலது, பிறகு இடதும் பாதி. பெய்ரூட்டில் இருக்கும் மகள் மைஸா, பட்டாணி அளவுக்கு ஒரு கருவி வாங்கிக் கொடுத்தாள். காதுக்குள் வைத்தால் வெளியே தெரியாது. ஊரில் யாருக்கும் அவர் சொல்லவில்லை. கருவி இல்லாத நேரங்களில் உதட்டைப் படித்தே சமாளித்துவிடுவார். மீசைக்காரர்களிடம்தான் திண்டாட்டம்.

அபூ நஸ்ரிக்கு நல்ல மீசை. அவர் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது வஹீப் கருவியைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை நீ பொம்பளைங்க பேனாவுல உக்காரு," என்றார் தலைவர்.

வாக்குச்சாவடிக்கு எங்கள் நாட்டில் பேனா என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தின் கீழ் வகுப்பறை ஆண்கள் பேனா, மேல் வகுப்பறை பெண்கள் பேனா.

"ஆம்பளைங்கள பத்தி எனக்குக் கவலையில்ல. அந்த நர்ஸ் பொண்ணு ஜுமானா தனியா நிக்கிறா, தெரியுமில்ல? வீடு வீடா போய் ஊசி போடற சாக்குல பொம்பளைங்க மனசை மாத்திட்டு வர்றா. எந்த வீடு கவுந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க, தலைவரே?"

"சண்டை போடவா போறேன்? சும்மா தெரிஞ்சுக்கத்தான்." காப்பிக் கோப்பையைத் தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். "அப்புறம், மைஸாவுக்கு மாடி கட்ட பிளான் குடுத்திருந்தியே. என் மேசை மேலதான் இருக்கு. திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுடறேன்."

மைஸாவும் அவள் கணவனும் நகரத்தில் வாடகை கொடுக்க முடியாமல் ஊர் திரும்ப நினைத்திருந்தார்கள். இந்த வீட்டின் மேலேயே ஒரு தளம் கட்ட வேண்டும். ஹியாம் ஏற்கனவே திரைச்சீலைக்குத் துணி எடுத்து வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் வஹீப் சீட்டுகளை எழுதி முடித்து, வீடு வாரியாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கடைசியாகத் தன் வீட்டுச் சீட்டு. அதில் தலைவரின் பெயர் எப்போதும் மூன்றாவதாக வரும். ஒன்றைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மற்றதை மேசையின் மறுபக்கம் நகர்த்தினார்.

ஹியாம் அதை எடுக்கவில்லை. பயறு பொறுக்கிக்கொண்டிருந்தவள் தட்டை ஓரமாக வைத்தாள்.

"எனக்கு வெத்துத்தாள் ஒண்ணு குடு."

"எதுக்கு?"

"நானே எழுதறேன்."

வஹீப் தாளைக் கொடுக்கவில்லை. கருவி சரியாக வேலை செய்கிறதா என்று காதைத் தொட்டுப் பார்த்தார்.

"சரியாத்தான் கேட்டுச்சு உனக்கு," என்றாள். "முப்பத்தோரு வருஷமா உங்க ஊர்ல ஓட்டுப் போடறேன், வஹீப். கல்யாணமான வாரமே என் பேரை எங்கப்பா பக்கத்துலருந்து எடுத்து உன் பக்கத்துல எழுதிட்டாங்க. வாதி லோஸ்ல நான் பொறந்த வீடு இருக்கு, என் பேரு இல்ல. சரி, அது போகட்டும். இங்க வந்து ஒரு தடவையாவது என் கையால எழுதியிருக்கேனா? அறைக்குப் பேனான்னு பேரு. உள்ள போனா ஒரு பேனா கிடையாது. உறையில சொருகு, பெட்டியில போடு, வீட்டுக்குப் போ."

"எழுதறதுக்கு என்ன இருக்கு அதுல? பேரு எல்லாம் அதே பேருதான்."

"அதே பேருன்னு நீ எப்படிச் சொல்றே?"

"நர்ஸுக்கா?" என்று கேட்டார்.

"அதைத்தான் கேக்கக்கூடாது."

"ஹியாம், நான் உன் புருஷன்."

"புருஷன்கிட்ட எதைத்தான் மறைச்சேன்? எங்கம்மா குடுத்த வளையலை வித்ததைக் கூட ஒளிக்கல. இது ஒண்ணு எங்கிட்டயே இருக்கட்டும்." அவள் பயற்றுத் தட்டை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள். "நான் தலைவருக்கே கூடப் போடலாம். யார் கண்டா? அது எனக்குத் தெரிஞ்சா போதும்."

"ஊர்ல எல்லாரும் கண்டுபிடிச்சிடுவாங்க."

"யாரு? சீட்டைப் படிக்கிற டீச்சர் ஸஹ்லேலருந்து வர்றா. அவளுக்கு என்னைத் தெரியாது. மத்தவங்க எல்லாம் எண்ணிக்கைதான் பாப்பாங்க. யாரு போட்டதுன்னு கேக்கறதுக்குன்னே உக்காந்திருக்கிறது இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். அதனாலேயே வஹீபுக்கு அது அதிக நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மைஸாவோட மாடி," என்றார் கடைசியில்.

"தெரியும். அதை யோசிக்காமலா இருப்பேன்?" ஒரு கல்லை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள். "நம்ம வீட்டு மேல நாம கட்டறோம். அளவு சரியா இருந்தா கையெழுத்துப் போடணும், இல்லேன்னா போடக்கூடாது. என் சீட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

வஹீப் ஒரு வெற்றுத்தாளை எடுத்து, மற்றவை போலவே நேராக மடித்துக் கிழித்து அவளிடம் கொடுத்தார். தான் எழுதிய சீட்டையும் அங்கேயே விட்டுவைத்தார். எதை எடுத்துக்கொண்டாள் என்று பார்க்காமல் எழுந்து போய் முகம் கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தபோது ஹியாம் வந்து கருவியைக் கேட்டு வாங்கினாள். புது பேட்டரியின் பின்னால் ஒட்டியிருந்த பழுப்புத் தாளை உரித்து, ஒரு நிமிடம் காற்றுப்பட உள்ளங்கையில் வைத்திருந்தாள். அப்படிக் காற்றுப்பட்டால்தான் அது உயிர் பெறும். கருவியின் சின்னக் கதவைத் திறந்து உள்ளே வைத்து மூடி, தானே அவர் காதில் பொருத்தினாள்.

"கேக்குதா?"

"கேக்குது."

"நாள் பூரா வரும். நல்லா கேளு," என்று சொல்லிவிட்டு அவருடைய காலர் மடிப்பைச் சரிசெய்தாள்.

அவர் அவள் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினார். இல்லை.

பெண்கள் பேனாவில் பெரிய சுவர்ப் படங்களைக் கழற்றி மூலையில் சாய்த்திருந்தார்கள். ஆசிரியர் மேசையில் ஸஹ்லேயிலிருந்து வந்த அலுவலர், முப்பது வயதுக்குள் இருக்கும், கண்ணாடி போட்டவள். ஜன்னல் பக்கம் ஒரு மேசையின் மேல் மூன்று பக்கமும் அட்டை வைத்து மறைப்பு. முகவர்களுக்குக் கடைசி வரிசையில் பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த பெஞ்சு. வஹீபின் முழங்கால் முட்டிக்கொண்டு நின்றது.

எதிர்வீட்டு உம் ஷிப்லி பத்து மணிக்கு வந்தாள். அவள் மகன் ஊராட்சியில் காவலாள். வஹீபைப் பார்த்ததும், "வந்துட்டேன் எழுதிக்கோங்க," என்றாள். "கால் வலியோட மாடி ஏறி வந்திருக்கேன். அதையும் சேர்த்து எழுதுங்க."

"பேச்சு வேண்டாம், அம்மா," என்றாள் அலுவலர்.

"நான் எங்க பேசறேன்? அவர் காதுதான் கூப்பிடுது."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உம் ஷிப்லி மறைப்புக்குப் பின்னால் போய் மூச்சு விடும் நேரத்துக்குள் வெளியே வந்தாள். எல்லாரும் அப்படித்தான். கொண்டுவந்த சீட்டை உறையில் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஹியாம் மதியத்துக்கு மேல் வந்தாள். சாம்பல் நிறப் பாவாடை, மைஸாவின் கல்யாணத்துக்குப் போட்ட காலணி. அடையாள அட்டையைக் கொடுத்தாள். அலுவலர் பட்டியலில் விரலை ஓட்டி, "ஹியாம் ஸக்கர்," என்று படித்தாள். ஹியாம் உறையை வாங்கிக்கொண்டு வஹீபின் பக்கம் பார்க்காமல் மறைப்புக்குப் பின்னால் போனாள்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற ஒருத்தி, "உள்ள ஜாம் காய்ச்சறாளா?" என்றாள். இன்னொருத்தி, "கிளறி முடிச்சாத்தான் வருவா," என்றாள்.

வஹீப் மறைப்பு அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டை அவ்வளவு அகலமில்லை. எழுதுகிறவளின் முழங்கை கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு, அசைந்து, நின்று, மறுபடி அசைந்தது. எதுவோ சரியில்லை என்று அவருக்குத் தோன்றியது. முழங்கை துருத்திக்கொண்டிருந்தது இடது பக்கம்.

உப்பு, எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கும் நார்.

பத்து நாளாகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அவள் பழகிக்கொண்டிருந்திருக்கிறாள். ஜாம் புட்டியால் ஊருக்கே தெரிந்த தன் கையெழுத்தை ஊருக்குத் தெரியாமல் செய்ய, இடது கைக்கு எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறாள், ஐம்பத்தாறு வயதில். எல்லாரிடமிருந்தும் மறைத்துவிட்டாள். அவருடைய காதிலிருந்து மறைக்க மட்டும் அவளுக்கு வழியில்லை. அந்தக் காதுக்குத்தான் காலையில் புது பேட்டரி போட்டு அனுப்பியிருந்தாள்.

ஹியாம் வெளியே வந்து உறையைப் பெட்டியில் போட்டாள். கட்டைவிரலை மையில் நனைத்தாள். கையெழுத்துப் போடும்போது வலது கையால், அச்சடித்தது போல, அழகாகப் போட்டாள்.

ஏழு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். மின்சாரம் இல்லை. மே மாதத்து வெளிச்சம் இன்னும் ஜன்னலில் இருந்தது. அலுவலர் தன் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டுக்கொண்டாள். உறைகளை எண்ணினார்கள். இருநூற்றுப் பதினொன்று. பட்டியலில் கையெழுத்துகளும் இருநூற்றுப் பதினொன்று. அவள் முதல் உறையை எடுத்தாள்.

வஹீப் நோட்டைத் திறந்து பென்சிலைச் சீவி வைத்திருந்தார். அறுபத்து நான்கு வீடுகள், அறுபத்து நான்கு சாவிகள். முதல் சீட்டைக் கேட்டார். பல் வைத்தியர், அப்பா பெயரோடு. மேட்டுத் தெருவில் மாவு மில்லை ஒட்டிய வீடு. காது நன்றாகவே வேலை செய்தது. முப்பது வருடப் பழக்கத்தில் பென்சில் தானாகவே அந்த வீட்டின் பக்கத்தில் போய் நின்றது.

அதற்கு மேல் அது நகரவில்லை. ஹியாமுடைய சீட்டு இதில் எங்கேயோ இருக்கிறது. இரண்டாவதாகவும் வரலாம், இருநூறாவதாகவும் வரலாம். அதை மட்டும் கேட்காமல் மற்றதைக் கேட்க முடியாது. அவளுடையது ஒன்றுதானா அப்படி என்றும் அவருக்குத் தெரியாது. இந்தப் பெட்டிக்குள் எத்தனை பேர் எத்தனை நாள் பழகி எழுதியதோ.

காது அரிப்பது போல விரலை விட்டுச் சொரிந்தார். கருவியைக் கையோடு எடுத்துவந்து, பெஞ்சுக்குக் கீழே நகத்தால் அந்தச் சின்னக் கதவைத் திறந்தார். பேட்டரி உள்ளங்கையில் விழுந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காலிக் கருவியை மறுபடி காதில் பொருத்தினார். அறை தண்ணீருக்குள் போனது போல அமைதியாயிற்று.

அலுவலர் ஒரு சீட்டை எடுப்பதும் உதடு அசைவதும் வைப்பதும் தெரிந்தது. அவர் ஒரு சீட்டுக்கு ஒரு கோடு போட்டார், ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. பெட்டியில் இருந்ததெல்லாம் எண்ணப்படுகிறதா, எதுவும் கூடாமல் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகவரிடம் சட்டம் கேட்பது உண்மையில் அவ்வளவுதான். இத்தனை தேர்தலில் அந்த வேலையை அவர் செய்தது இதுதான் முதல் முறை.

நூற்று நாற்பது கோட்டுக்கு மேல் ஆகியிருக்கும். அலுவலர் ஒரு தாளைப் பிரித்து, படிக்காமல் நிறுத்தினாள். கண்ணாடியை மேலே தள்ளினாள். தாளை ஜன்னல் பக்கம் சாய்த்தாள், கிட்டத்தில் கொண்டுவந்தாள், திருப்பிக்கூடப் பார்த்தாள். சின்னப் பிள்ளையின் நோட்டைத் திருத்துகிற டீச்சரின் புன்னகை ஒன்று அவள் முகத்தில் வந்தது.

வஹீபுக்கு எந்தத் தாள் என்று தெரிந்துவிட்டது. அலுவலருக்கு மீசை இல்லை. வெளிச்சம் நேராக அவள் வாயில் விழுந்தது. இரண்டு வருடப் பழக்கத்தில் ஒன்பது பெயரையும் அவர் அந்த உதட்டிலிருந்து எடுத்துவிட முடியும்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் குனிந்துகொண்டார். தன் காலணியைப் பார்த்தார். வலது காலணியின் கயிறு ஒரு ஓட்டையைத் தாண்டிக் கோர்த்திருந்தது. பெஞ்சின் காலில் யாரோ ஒரு பையன் காம்பஸ் முனையால் தன் பெயரைக் கீறி வைத்திருந்தான். அதை ஒவ்வொரு எழுத்தாக மூன்று முறை படித்தார். நிமிர்ந்தபோது அலுவலர் அடுத்த உறையில் இருந்தாள். வஹீப் ஒரு கோடு போட்டார்.

இருநூற்றுப் பதினொன்றும் சரியாக இருந்தது. இரண்டு பேனாக்களையும் கூட்டிப் பார்த்தபோது அபூ நஸ்ரியின் அணிக்கு எட்டு இடம். ஒன்பதாவது இடத்தில் நர்ஸ் ஜுமானா, தலைவருடைய மைத்துனனை நான்கு ஓட்டில் தள்ளிவிட்டு. பள்ளிக்கூட முற்றத்தில் யாரோ ஜெனரேட்டரைப் போட்டு ஒரு விளக்கு எரிய வைத்தார்கள். ஜனங்கள் கூடி நின்றார்கள். ஹியாமும் உம் ஷிப்லியோடு தண்ணீர்த் தொட்டி அருகே நின்றிருந்தாள்.

தலைவர் வஹீபைச் சுவரோரமாக ஒதுக்கினார். மீசை அசைந்தது.

"கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க, தலைவரே."

மீசை மறுபடி அசைந்தது. வஹீப் நோட்டை நீட்டினார். தலைவர் புரட்டினார். வீடுகளின் பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை. கடைசிப் பக்கத்தில் கோடுகள் மட்டும்.

வஹீப் காதிலிருந்து கருவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "கேக்கல எனக்கு. ரெண்டு வருஷமாச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அபூ நஸ்ரி அந்தப் பட்டாணியைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். நிஜமாகவே அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது போலிருக்கிறது. தோளில் கையை வைத்தார். பிறகு, காது கேளாதவர்களிடம் எல்லாரும் செய்வதைச் செய்தார். வஹீபின் முகத்துக்கு நேராக வந்து தொண்டை கிழியக் கத்தினார்.

"அப்ப எந்த வீடு மாத்திப் போட்டுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இது வஹீபுக்கே கேட்டது. முற்றம் முழுவதும் கேட்டது. ஜெனரேட்டர் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் போயிற்று. சாவி என்று ஒன்று இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருடத்தில் அதை வாய்விட்டு யாரும் சொன்னதில்லை.

"என்ன கேக்கறாரு?" என்றாள் உம் ஷிப்லி, தெரியாதவள் போல.

"எந்த வீடுன்னு கேக்கறாரு," என்றாள் ஹியாம்.

"எந்த வீட்டுக்கு என்ன வந்துச்சாம்?"

"அது தெரியலையாம் அவருக்கு."

யாரோ ஒருத்தி தும்முவது போலச் சிரித்தாள். அது பரவுவதற்குள் தலைவர் நோட்டை மூடி வஹீபின் கையில் திணித்தார். மாடி பிளானைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தது போலத் தெரிந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, அதைச் சொல்லாமல், மைத்துனனைத் தேடிக்கொண்டு போனார்.

வீட்டுக்குப் போகிற ஏற்றத்தில் ஹியாம் அவருடைய கேட்கிற பக்கமாக நடந்தாள். பாதி வழியில் வஹீப் உட்கார்ந்து தன் காலணிக் கயிற்றை அவிழ்த்து, விட்டுப்போன ஓட்டையில் கோர்த்துக் கட்டினார். அவள் நின்று காத்திருந்தாள்.

திங்கட்கிழமை பிளான் கையெழுத்தாகி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை ஹியாம் தானே ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், மனு எந்தத் தேதியில் கொடுத்தது என்று ஒரு தாளில் முத்திரை போட்டு வாங்கி வந்தாள். எத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று ஜுமானா சட்டத்தைப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தாள். திரைச்சீலைத் துணி அலமாரியிலேயே இருந்தது.

இதற்கு முன்னால், திங்கட்கிழமை காலையில் நடந்தது ஒன்று உண்டு. ஹியாம் துவைப்பதற்காக அவருடைய சட்டையை உதறியபோது பேட்டரி தரையில் விழுந்து உருண்டது. குனிந்து எடுத்தாள். காப்பிக்காக மேசையில் காத்திருந்த வஹீபுக்கு அதைக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். எப்போ எடுத்தே?

"ரெண்டாவது சீட்டுக்கு முன்னாடி," என்றார். கொஞ்சம் பொறுத்து, "கோணல் எழுத்து வந்தப்போ குனிஞ்சுக்கிட்டேன்," என்றார்.

ஹியாம் பேட்டரியை மேசையில் அவர் முன்னால் வைத்தாள். அவர் அதை எடுத்துக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளும் போடச் சொல்லவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பி, நீண்ட கைப்பிடி வைத்த பாத்திரத்தில் காப்பியைக் கிளறிக்கொண்டு நின்றாள். கட்டைவிரலில் மை இன்னும் ஊதாவாக இருந்தது.

முதுகைக் காட்டிக்கொண்டே அவள் ஏதோ சொன்னாள். தோள் கொஞ்சம் அசைந்ததில் அவருக்குத் தெரிந்தது. சின்ன வாக்கியம் இல்லை. ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி, ஒன்பது முறை இருக்கலாம்.

"என்ன சொன்னே?" என்று கேட்டார்.

அவள் திரும்பினாள். வாய் நன்றாகத் தெரியும்படி நின்று, "காப்பி பொங்கிடுச்சுன்னு சொன்னேன்," என்றாள்.

அவர் அடுப்பைப் பார்த்தார். ஒரு துளிகூடச் சிந்தவில்லை. கோப்பையை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார்.